ஜப்பானுக்கு ஒரு கடுதாசி

“நம்ம வீட்டுலேர்ந்து ஜப்பானுக்குக் கடுதாசி போகாது.”

எங்கள் தீவுக்குள் ஓடும் லம்பா லைன் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் மனைவியிடம் சொன்னார். அவள் மடியில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை.

“இங்கிலீஷ் பழகத்தான் மாஸ்டர்ஜி நம்ம பிள்ளையை எழுதச் சொல்றாரு. கிளாஸ்ல எல்லாப் பிள்ளையும் எழுதுது.”

“சண்டைக் காலத்துல எங்கண்ணனை இதே ஊர்லேர்ந்துதான் ஜப்பான்காரன் கூட்டிட்டுப் போனான். இன்னும் வரலை.”

“கடுதாசி போட்ட அந்த ஜப்பான் பொண்ணுக்கு என்னங்க தெரியும்? அவங்கப்பாவும் அப்ப இங்கதான் இருந்தாராம். நம்ம மின்னி பே கடலை இன்னும் நெனைச்சுக்குவாராம். ஆசையா எழுதியிருக்கா.”

என் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை.

அவர் உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“பதில் எழுதச் சொல்லு. எங்கண்ணன் பேரைப் போட்டு, அவரைத் தெரியுமான்னு அவங்கப்பாகிட்ட கேக்கச் சொல்லு.”