கம்பவுண்டர் வீட்டு டெலஸ்கோப்

இரவு ஒன்றே கால் மணி. ஃபாக்டரியிலிருந்து மேலே ஏறுகிற ஒற்றையடிப் பாதை. ஆள் நடமாட்டம் கிடையாது... பனி மட்டும்தான் நடமாடிக்கொண்டிருந்தது.

இருங்கள், அந்த விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். அணைக்க வேண்டாம். விளக்கை அணைக்கும்படி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

இது என் கூட்டாளி மிக்கேலின் பெரியப்பாவுக்கு நடந்தது. பெயர் யாக்கோபு. தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கம்பவுண்டர். எஸ்டேட் பெயரைக் கேட்காதீர்கள், அங்கே இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், பாவம். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு. மார்கழி.

யாக்கோபுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விட்டுப்போன டெலஸ்கோப்பை வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்தூணில் நிறுத்தி வைத்திருந்தார். வானத்தில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதற்குக் கீழே கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் புகை மாதிரி ஒரு திட்டு தெரியும். நெபுலா என்பார்கள். அதைப் போட்டோ பிடித்தாக வேண்டும் அவருக்கு. மருந்து கலக்கிய கை அல்லவா, படம் பதிகிற கண்ணாடி பிளேட்டைக் கழுவுவதற்கு யாரிடமும் போக வேண்டியதில்லை. ராத்திரியானால் சட்டையெல்லாம் ஹைப்போ மருந்து வாடை. அவர் மனைவி சிசிலி, மாதா கோயிலில் அவர் பக்கத்திலே உட்காரக்கூட யோசிப்பாள்.

அந்த மலையிலே வானத்தைப் போட்டோ பிடிக்க நினைப்பதே வீண் வேலைதான். ஒரு பக்கம் பனி, இன்னொரு பக்கம் ஃபாக்டரியின் விறகுப் புகை. பத்து நாள் காத்துக் கிடந்தால் அரை மணி நேரம் வானம் திறக்கும். அதனால் ஒரே பிளேட்டை விட்டு விட்டுப் பல ராத்திரி வானத்துக்குக் காட்டுவார். இன்றைக்கு இருபது நிமிஷம், அடுத்த வாரம் பத்து நிமிஷம் என்று வெளிச்சத்தைச் சிறுகச் சிறுகச் சேர்க்கிற வேலை அது.

நட்சத்திரம் சும்மா நிற்காது, மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அது கூடவே குழாயும் நகர வேண்டும். பெரிய குழாயின் மேல் ஒரு சின்னக் குழாய். அதற்குள் சிலந்தி இழையால் ஒரு சிலுவைக் குறி. ஒருவன் அதில் கண்ணை வைத்து, நட்சத்திரம் இழையை விட்டு விலகாதபடி கையால் ஒரு திருகைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கிர்ர்... கிர்ர்... ஒரு நிமிஷம் கண்ணை எடுத்தால் போச்சு, பிளேட்டில் நட்சத்திரம் புழுவாக நெளிந்திருக்கும். மூச்சைக்கூடப் பக்கவாட்டில்தான் விட வேண்டும். அந்தக் குளிரில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும்.

இந்த வேலைக்கு யாக்கோபுக்கு ஒரு துணை இருந்தான். ஃபாக்டரி ஃபிட்டர் சுருளிவேல். அந்தத் திருகைச் செய்து கொடுத்தவனே அவன்தான். இருவரும் கால் மணிக்கு ஒரு முறை ஆள் மாற்றிக்கொள்வார்கள். முறை வந்தவன் பேசாமல் வந்து உட்கார்ந்திருப்பவனின் தோளில் கை வைப்பான். அவன் எழுவான், இவன் உட்காருவான். தோளில் கை படாமல் யாரும் கண்ணை எடுப்பதில்லை. அப்படி ஒரு கட்டுப்பாடு.

மேலே ஏறும் பாதையில், யாக்கோபு வீட்டுக்கு முப்பது கெஜம் கீழே, ஒரு குருசடி. கல் சிலுவை, அதன் காலடியில் கண்ணாடிக் கூண்டு விளக்கு. அந்த இடத்தில் பாதை வலது கைக்குத் திரும்பும். திரும்பாமல் நேரே போனால் கிடுகிடு பள்ளம். அதனால் வேதக்காரர், இந்து என்றில்லாமல் எல்லாரும் அதற்கு எண்ணெய் ஊற்றுவார்கள். பனிக்காலத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. நடக்கிறவன் திருப்பத்துக்குத் திருப்பம் கூவுவான். அது யார் காதில் விழுகிறதோ அவர் பதிலுக்குக் கூவ வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவன் வழி கண்டுகொள்வான். சண்டைக்காரனாக இருந்தாலும் பதில் கூவுவார்கள்.

அந்தக் குருசடி விளக்குதான் யாக்கோபின் எதிரி. பனியில் அதன் வெளிச்சம் ஊறி, வீட்டு உயரத்துக்கு மஞ்சளாக எழும்பி நிற்கும். இரண்டு பிளேட் கஞ்சித் தண்ணியாகப் போனது அதனால்தான்.

"ரெண்டு மணி நேரம் அத மூடி வச்சா என்ன சுருளி?"

"அதுல மட்டும் கைய வைக்காதீக கம்பவுண்டரய்யா. உங்க சாமி, எங்க சாமிங்கிறது அப்புறம். அது வழி வெளக்கு."

"சரி, விடு."

விடவில்லை. அன்றைக்கு ராத்திரி வானம் திறந்தது. ஒன்பது நாளுக்கு அப்புறம் திறந்தது. சுருளி, இலை உருட்டுகிற ரோலரைப் பழுது பார்க்க ஃபாக்டரிக்குப் போயிருந்தான், வேலை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தான். யாக்கோபு தேயிலைத் தகரம் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். குருசடி விளக்கை ஊதி அணைப்பது பாவம் என்று அவருக்குத் தெரியும். அதனால் அணைக்கவில்லை... தகரத்தைக் கவிழ்த்து மூடினார். மூடுவது பாவத்தில் சேராதாம். நம் ஆட்களின் கணக்கைப் பாருங்கள்.

திரும்பி வந்து கண்ணை வைத்தார். ஊசி முனையாய் நட்சத்திரம். கிர்ர்... கிர்ர்... கீழே மறுபடி பனி ஏறிக்கொண்டிருந்தது. மேலே மட்டும் வானம் இருந்தது.

ஒன்றே காலுக்குக் கூவல் கேட்டது.

"ஓ...ஹோய்!"

சுருளியின் குரல். யாக்கோபு பதில் கூவ வாயெடுத்தார். கண்ணாடியில் ஆவி படிந்துவிடுமே! இன்னும் பன்னிரண்டு நிமிஷம் போனால் இன்றைய பங்கு முடிந்துவிடும்... அவனுக்குத் தெரியாத பாதையா? முடித்துவிட்டுக் கூவலாம்.

"ஓ...ஹோய்! கம்பவுண்டரய்யா... வெளக்கக் காணமே?"

அவர் மூச்சைப் பக்கவாட்டில் விட்டார்.

மூன்றாவது கூவல் இல்லை. சரளைக் கல் சரிகிற சத்தம். நிறைய நேரம் சரிந்தது. அப்புறம் பள்ளத்தின் அடியில் ஓடுகிற ஓடையின் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

யாக்கோபு கண்ணை எடுக்கவில்லை. மிச்ச நிமிஷத்தையும் திருகித் தீர்த்தார். பனி வந்து நட்சத்திரத்தை மூடிய பிறகுதான் எழுந்தார், பிளேட் பெட்டியை அடைத்தார், கீழே ஓடினார். ஓடியவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? தகரத்தை எடுத்தார். விளக்கு உள்ளே புகைந்து, பிறகு பளிச்சென்று எரிந்தது. அதற்கப்புறம்தான் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

காலையில் சுருளியைத் தூக்கினார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். எரிகிற விளக்குக்கு முன்னால் ஒருவன் பள்ளத்தில் விழுந்தால் ஊர் என்ன சொல்லும்? குடித்திருந்தான் என்று சொன்னது. அவன் குடியை விட்டு நாலு வருஷம். பழனிக்கு நடந்து போய் விட்டுவிட்டு வந்தவன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் மனைவி முத்துப்பேச்சி டிஸ்பென்சரிக்கு வந்தாள். மருந்துக்காக வரவில்லை.

"அய்யா, அன்னைக்கு அவுக ஒங்க வீட்டுக்குத்தான வந்தாக. கூவுனாகளா?"

"இல்ல தாயி. எங் காதுல விழல."

"வெளக்கு எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுச்சு."

அவள் மருந்துச் சீசாக்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்ப... குடிச்சுட்டுத்தான் வந்திருப்பாக. நாந்தான் நம்பிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். செத்தவனை இன்னொரு தரம் தள்ளிவிட்டது போல் யாக்கோபுக்கு இருந்தது.  மறுநாள் காலைப் பூசைக்குப் போனார், பாவத்தோடு வாங்கக் கூடாதென்று நற்கருணை வாங்காமல் திரும்பி வந்தார். சிசிலி ஏன் என்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

இருந்தும் பாருங்கள், அந்த பிளேட்டை அவரால் தூக்கிப் போட முடியவில்லை. கடைசியாக ஒரு கால் மணி நேரம் காட்டினால் முடிந்துவிடும். முடிக்காமல் விட்டால் சுருளி செத்தது வெறும் சாவாகப் போய்விடும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார்.

தை மாதக் கடைசி. இரவு ஒன்பது மணி. வானம் பாதி திறந்தது. இந்த முறை குருசடி விளக்கைத் தொடவில்லை. முக்காலியில் உட்கார்ந்து கண்ணை வைத்தார். கிர்ர்... கிர்ர்... குளிரில் விரல் மரத்தது. கண்ணில் நீர் கோத்தது. மனசு எங்கேயோ இருந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது.

எத்தனை ராத்திரிப் பழக்கம்! யாக்கோபு யோசிக்கவே இல்லை, அப்படியே எழுந்து விலகினார். கணப்புச் சட்டிக்குப் போய்க் கையைக் காட்டினார். பின்னால் முக்காலி கிறீச்சிட்டது. கிர்ர்... கிர்ர்... திருகு சீராக ஓடியது. அவர் கையைவிடச் சீராக.

கை காய்ந்து, விரலில் உணர்ச்சி வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

திரும்பினார். முக்காலியில் யாரும் இல்லை. திருகு சுற்றிக்கொண்டிருந்தது. இயந்திர எண்ணெய் வாடையும், நனைந்த கம்பளி வாடையும் வந்தன.

"சுருளி..." என்றார். "டேய், தெரியாமச் செஞ்சுட்டேண்டா..."

கிர்ர்... கிர்ர்... கண்ணை வைத்திருப்பவன் வாயைத் திறக்க மாட்டான் அல்லவா?

கால் மணி ஆனது. இப்போது யாக்கோபு போய்த் தோளில் கை வைக்க வேண்டும். வைத்தால்தான் அவன் எழுவான். இரண்டடி போனார். கை நீளவில்லை. அதற்கு மேல் முடியாமல் வீட்டுக்குள் ஓடி, கதவைத் தாழிட்டு, சிசிலியின் பக்கத்தில் போர்வைக்குள் சுருண்டுகொண்டார். ராத்திரி முழுக்கப் பின்பக்கத்திலிருந்து... கிர்ர்... கிர்ர்...

காலை எட்டரைக்குப் போய்ப் பார்த்தார். அந்த நட்சத்திரம் நடுராத்திரி தாண்டியதுமே மேற்கே மறைந்துவிட்டது. ஆனால் குழாய் நிற்கவில்லை. மலையைத் தாண்டி, அடிவானத்தைத் தாண்டி, அதன் வாய் நேர் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூமிக்கு அந்தப் பக்கம் நட்சத்திரம் எங்கே போகிறதோ அங்கேயே போய்க்கொண்டிருந்தது. திருகு இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது. தோளில் கை படவில்லை. அவன் கண்ணை எடுக்கவில்லை.

யாக்கோபு நேரே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தார். முத்துப்பேச்சி கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். தகரத்தைச் சொன்னார், கூவலைச் சொன்னார், பன்னிரண்டு நிமிஷத்தைச் சொன்னார். தகரத்தை முதலில் எடுத்ததையும் சொன்னார். 

அவள் அழவில்லை. கூடையை இறக்கி வைத்தாள். "அப்ப அவுக குடிக்கல" என்றாள். அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டது போல் இருந்தது. வெகுநேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, "எங்க இருக்காக? காட்டுங்க" என்றாள்.

மேலே வந்து சேர்ந்தபோது பட்டப்பகல் பன்னிரண்டு மணி. குழாய் தரையைப் பார்த்தபடியே கிழக்குப் பக்கமாகச் சரிந்திருந்தது. அதன் பின்முனை ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. முத்துப்பேச்சி பயப்படாமல் கிட்டப் போனாள். ஒன்றுமில்லாத இடத்தில், தன் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி வைத்தாள்.

"போதும். வெலகி வாங்க."

திருகு நின்றது.

அவள் தலையைச் சாய்த்து ஏதோ கேட்பவளைப் போல நின்றாள். பிறகு யாக்கோபைப் பார்த்தாள்.

"இப்ப ஒங்க மொறையாம்யா."

அவ்வளவுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். போகிற வழியில் லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எங்க ஆளு குடிக்கல, கேட்டுக்கிருங்க" என்று அவள் உரக்கச் சொன்னது மேலே வரை கேட்டது.

யாக்கோபு தப்பித்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நின்றபடியே குனிந்து சின்னக் குழாயில் கண்ணை வைத்தார். கீழே மண்ணும் புல்லும் தவிர என்ன தெரியப் போகிறது? ஆனால் சிலந்தி இழைக்கு நடுவில், இருட்டில், ஊசி முனையாய் அந்த நட்சத்திரம் நின்றது. மெதுவாக விலகப் பார்த்தது. அவர் கை தானாகத் திருகுக்குப் போனது.

சாயந்திரம் ஆறரைக்குச் சிசிலி தேடிக்கொண்டு வந்தாள். குழாய் கிழக்கு மலையைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. அது ஏற ஏறப் பின்முனை தாழ்ந்து, அவரும் அதோடு குனிந்து குனிந்து முக்காலிக்கு வந்திருந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"ஏங்க, எந்திரிங்க. மதியத்துலருந்து இங்கயே இருக்கீங்களா? ஏங்க?"

அவர் அசையவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. மூச்சைப் பக்கவாட்டில் விட்டார்.

சிசிலி அதற்குப் பிறகு முப்பது வருஷம் விதவையாக இருந்தாள். கடைசி வரைக்கும் அந்த ராத்திரியைப் பற்றி யார் கேட்டாலும் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். அவரை எழுப்ப அவர் தோளில் கை வைத்தாளாம்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது... ஈரமாக. அவரை எழவிடாமல் அழுத்திக்கொண்டு.