ஆகாயத்து டெக்

“ஹலோ... ஹலோ, யாரு?... ஆமா, உறையூர் கைலிக் கடைதான். ஜெகபர் அலிதான் பேசறேன்... யாரு, மாப்ளேயா? சலாமா? வஅலைக்குமுஸ்ஸலாம், வஅலைக்குமுஸ்ஸலாம். எங்கேர்ந்து பேசறே, மெட்ராஸா?... ஸ்ரீரங்கமா?”

ஜெகபர் அலி ராவுத்தர் ரிசீவரை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். மனைவியின் தம்பி அப்துல் சலாம் சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் சுகமாகத் திரும்பிவிட்டான் என்பது மகிழ வேண்டிய செய்தி. அவரும் மகிழ்வதற்கு முயன்றுகொண்டுதான் இருந்தார்.

“ஸ்ரீரங்கத்துல உனக்கு என்ன வேலை?... ஓ, வக்கீல் வீட்டு போனா. சரி... சரி. ஒப்பந்தத்தைக் காட்டிட்டு வரலாம்னு ரங்கத்துலயே இறங்கிட்டே. காட்டணும்தான். வக்கீல் பாத்துட்டா எங்களுக்கும் ஒருநாள் காட்டுவே... கோவமெல்லாம் இல்லடா. போறப்ப வீடு வீடா ஏறி இறங்கிப் பயணம் சொல்லிட்டுப் போனியே. வந்ததும் முதல்ல அக்கா வீட்டுப் படியைத்தானே மிதிக்கணும்? அதெல்லாம் கப்பல்ல போயிட்டு வர்றவனுக்குத்தான் போல... ஆமா, ஆமா, சும்மா சொன்னேன்.”

சும்மா சொல்லவில்லை. ஆண்டுதோறும் உறையூர்க் கைலிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் வந்தவர் அவர்தான். நாகப்பட்டினத்தில் மலிவு டிக்கெட்டில் கப்பலேறி, டெக் என்னும் திறந்த மேல்தளத்தில் பாய் விரித்து, அலையின் விருப்பப்படி உருண்டு, ஒரு வாரத்திற்கு மேல் கழித்துக் கரையேறுவார். இந்தமுறை அங்கிருக்கும் முதலாளி காதர் மஸ்தான், ஒப்பந்தம் பேச ஆள் உடனே வர வேண்டும் என்று தந்தியடித்தபோது, அவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். துறைமுகத்தில் கப்பலும் இல்லை. டிக்கெட்டுக்கு முதலாளியே ஏற்பாடு செய்ய, சலாம் பறந்தான். அன்றுமுதல் பள்ளிவாசலிலும் காந்தி மார்க்கெட்டிலும், கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் ராவுத்தர் ஒரு விளக்கம் அளித்துவந்தார்: பையன் போயிருப்பது எகானமி வகுப்பு, எகானமி என்பது ஆகாயத்து டெக். அந்த விளக்கத்தைப் பலமுறை கேட்ட நெசவுக்காரர் வீரமலை, நூல் வாங்கிப்போக வந்தவர், இப்போது எதிர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்.

“உடம்பு எப்படி இருக்கு? ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பியே... இல்லையா?... வாந்தி?... ஒரு தடவைகூடவா?... சரி, காதாவது அடைச்சிருக்கும்... பஞ்சு கொடுத்தாங்களா. யாரு?... அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணேவா? தட்டுல வச்சா?... மிட்டாயுமா... ம்... ம்... சார்னு கூப்பிட்டாளா? யாரை, உன்னையா?”

கப்பல் சிப்பந்திகள் ராவுத்தரை ‘ஏய் டெக்கு’ என்றுதான் அழைப்பார்கள். அதில் அவருக்கு இதுவரை குறையொன்றும் தோன்றியதில்லை.

“அது கிடக்கட்டும். கால் நீட்ட இடம் இருந்திருக்காதே... அப்படிச் சொல்லு. முட்டி இடிச்சுதா?... நல்லா இடிச்சுதா?... பாத்தியா.” அவர் ரிசீவரைச் சற்றே விலக்கி, வீரமலையைப் பார்த்தார். “முட்டி இடிக்குதாம் வீரமலை. உக்காரவே முடியலியாம்... ஹலோ, ஆமா, சொல்லு... சாயுதா? எது சாயுது?... பொத்தானை அமுக்கினா நாற்காலியே பின்னால சாயுதா... ம்... கம்பளியும் கொடுத்தாங்களா. சரி.”

இந்தச் செய்தியை அவர் வீரமலைக்கு அறிவிக்கவில்லை.

“முன்னால ஃபர்ஸ்ட் கிளாஸ்னு தனியா இருக்குமே. திரை போட்டு மறைச்சிருப்பானே... அதான். பெரிய மனுசனெல்லாம் முன்னால, நீ பின்னால. நான் சொன்னது சரியாப் போச்சா?... என்ன?... அவங்களும் அதே நேரத்துலதான் போய்ச் சேர்ந்தாங்களா... அது சரி, ஒரே ஏரோப்ளேன்தானே, முன்பக்கம் மட்டும் முன்னாடிப் போயிடுமா.”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கேட்பதற்கு இன்னும் சாப்பாடு இருந்தது.

“சோறு? ஹலால்னு எப்படி நம்பித் தின்னே?... கறியைத் தொடலியா. நல்ல புள்ளே. அப்ப பட்டினி... பட்டினி இல்லியா?... ரொட்டி, வெண்ணெய்... ம்... ஆப்பிளு... கேக்கு... அதுவும் அவளே கொண்டாந்தாளா. காப்பி வேணுமா டீ வேணுமான்னு வேறயா... கேக்கத்தானே செய்வா, அது அவ வேலை... தொழுகை? தொழுகையை விட்டுட்டியா?... உக்காந்தபடியேவா. அது கூடும். ஆனா மேகத்துக்குள்ள மக்கா இருக்கிற கிப்லா எந்தப் பக்கம்னு உனக்கு எப்படித் தெரியும்?... யாரைக் கேட்டா?... ஓட்டறவரையா? போய்க் கேட்டுட்டு வந்து சொன்னாளா... கேப்டனே சொல்லி அனுப்பினாரா, உனக்காக...”

ராவுத்தர் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். அத்தனை பயணங்களிலும் கப்பல் தலைவரின் தொப்பியைத்தான் அவர் கண்டிருக்கிறார், அதுவும் தொலைவிலிருந்து.

“ஆங், இருக்கேன், இருக்கேன். லைன் சரியாத்தான் இருக்கு. பாய் என்னாச்சுடா? நான் கொடுத்தனுப்பினேனே, பாயி, தலகாணி, கூஜா, எலுமிச்சம்பழம்... எதுவுமே வேண்டியிருக்கலியா. அதெப்படி வேண்டாமப் போகும்?... சரி, கப்பலா இருந்தா வேண்டியிருக்கும்... பாயைப் பாத்துச் சிரிச்சாங்களா?... யாருமே சிரிக்கலியா... மேல் பலகையில பத்திரமா வச்சாளா... யாரு, பக்கத்து சீட்டு வெள்ளைக்காரனா? என்ன கேட்டான்?... முசிறிக் கோரைன்னு சொன்னியா?... ம்... ம்... கொடுத்துட்டியா? டேய், அது என் பாய்டா. ஒவ்வொரு பயணத்துக்கும் என்கூட டெக்குல கிடந்த பாய்... லண்டனுக்கா?... அவன் அப்படியே லண்டன் போயிட்டானா. பாயோடவா.”

தாம் காணாத லண்டனைத் தம் பாய் கண்டுவிட்டது என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் தேவைப்பட்டது. சலாம் அந்த நேரத்தைத் தரவில்லை. அவன் வேறு விஷயத்திற்குப் போய்விட்டிருந்தான்.

“என்ன?... திரும்பவும் ஆள் வரணுமா. எப்ப?... அடுத்த மாசம்... கையெழுத்துப் போட. ம்... டிக்கெட்டுக்குக் காதர் மஸ்தானே ஏற்பாடு பண்றாரா. ஏரோப்ளேன்லயா... யாரு?... நானா?”

ராவுத்தரின் விரல்கள் தொலைபேசிக் கம்பியைப் பற்றிக்கொண்டன. பஞ்சு வைத்த தட்டு ஒன்று அவர்முன் நீண்டது. அந்தப் பெண் அவரைச் சார் என்றாள். கேப்டன் அவருக்கும் கிப்லாவைச் சொல்லி அனுப்பினார். அப்போது அவர் நிமிர்ந்தார். எதிரே வீரமலை, ஆகாயத்து டெக்கின் கதையை முழுமையாக அறிந்தவர், கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கா, எகானமியா?” குரல் கடை முழுவதற்கும் பொதுவாக உயர்ந்தது. “வேண்டாம் மாப்ளே. கடல்காத்து வாங்கிப் பழகினவன் நான். அந்த டப்பாக்குள்ள என்னால அடைஞ்சு கிடக்க முடியாது. எனக்குக் கப்பல்தான்.”

ராவுத்தர் வளர்ந்த குடும்பத்தில் முதல் மறுப்பை மறுப்பாகக் கொள்வதில்லை. பிரியாணியானாலும் பெண்ணானாலும், முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் முறை வற்புறுத்தினால் தயங்குவார்கள். மூன்றாம் முறை, உங்களுக்காக என்று சொல்லி இசைவார்கள். சலாமும் அதே குடும்பத்துக்கு அக்காவைக் கொடுத்தவன். ஆகவே ராவுத்தர், இரண்டாம் முறைக்கு உரிய தயக்கத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ம்... என்ன, சரியா? எது சரி?... இல்ல, நான் சொன்னது என்னன்னா... ஆமா, கப்பல்னு சொன்னேன். சொன்னேன்தான். நீ என்ன நினைக்கிறே?... என் இஷ்டம்தானா... அது தெரியுது. இருந்தாலும் நீ ஒரு வார்த்தை... ஓ, வக்கீல் பக்கத்துல நிக்கிறாரா. அவர் போனு. ஆமா, ரொம்ப நேரம் பேசக் கூடாது. ஆனா மாப்ளே... ஹலோ... ஹலோ?”

ரிசீவரை வைத்தார். வீரமலை, என்ன சேதி என்று கேட்டார்.

“ஏரோப்ளேன்ல போகச் சொல்லிக் கெஞ்சறான். நான் மாட்டேன்னுட்டேன்.”

வீரமலை தலையை ஆட்டி, அதுவே சரி என்றார். அவர் அவ்வளவு விரைவில் ஒப்புக்கொண்டது ராவுத்தருக்குப் பிடிக்கவில்லை. நூலை உடனே எடுத்துக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார். பின்பு ரிசீவரை மறுபடி எடுத்தார்.

“எக்ஸ்சேஞ்சா? ஏம்மா, ஸ்ரீரங்கத்துலேர்ந்து இப்பப் பேசினாங்களே, வக்கீல் வீடு, அதையே கொடும்மா... எங்கேஜ்டா? இப்பதானே வச்சாங்க... வேற யார்கிட்டப் பேசறாங்களாம்?... சொல்லக் கூடாதா. சரி, சரி, கிடைச்சதும் கூப்பிடும்மா, காத்திருக்கேன்.”

காத்திருந்தார். கடையில் இப்போது யாரும் இல்லை. மணி அடித்ததும் எடுத்துவிட்டார்.

“ஹலோ, மாப்ளே... நான்தான்... ஒண்ணுமில்ல, ஒரு சந்தேகம். ஏரோப்ளேன்ல சாமானை நிறுக்கறாங்களே, அதுல நம்ம உடம்பையும் சேர்த்து நிறுப்பாங்களா?... சேர்க்கறதில்லியா... அப்படியா... யாருக்கா? யாருக்குமில்ல, பொதுவாக் கேட்டேன். காமாலையில நானே இளைச்சுத்தான் கிடக்கேன், சேர்த்தாலும் ஒண்ணும் இருக்காது... இல்ல மாப்ளே, கொஞ்சம் யோசிச்சுப் பாத்தேன். கப்பல்னா போக ஒரு வாரம், வர ஒரு வாரம். கடையை யாரு பாக்கறது? அதனால ஒருவேளை... என்ன?... சிங்கப்பூருக்குத் தந்தியா?... போன்லயே சொல்லி அனுப்பிட்டியா? இப்பவா, நான் வச்ச உடனேயா?... ஓ. அதான் எங்கேஜ்டு... யார் பேரைச் சொன்னே?... உன் பேரையா.”

சுவரில் பல்லி ஒன்று மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. ராவுத்தர் அதை உத்திரம் வரை கவனித்தார்.

“நல்லது. நல்ல காரியம் பண்ணினே. அவரும் டிக்கெட்டுக்குச் சொல்லணுமில்ல... என்ன, மாத்தறதா? இன்னொரு தந்தி கொடுத்தா மாத்திடலாமா?... எதுக்குடா... வேண்டாம்ப்பா.”

இந்தமுறை அந்தச் சொல்லை அவர் தணிந்த குரலில், நீட்டி, இடையில் ஒருவர் புகுந்து மறுத்துப் பேசுவதற்குப் போதிய இடம் விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“ம்... சரி... ஆமா, மாத்தினா அவருக்கும் குழப்பம்தான்... நீயே போயிட்டு வா, இன்ஷா அல்லாஹ்... இல்ல, எனக்கு என்ன வருத்தம்? எனக்குக் கப்பல் இருக்கு... அக்காகிட்டச் சொல்றேன், சொல்றேன். சாயங்காலம் சாப்பிட வந்துடு... வேற ஒண்ணுமில்ல. வச்சிடறேன்... ம், இருக்கேன்... நீதான் முதல்ல வையேன்.”

அதையும் அவன் உடனே செய்தான்.