விரியும் குழாயில் காற்று

ஈப்போவிலிருந்து தாப்பா போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். விமானப் பொறியியல் படிக்கும் தங்கை திடீரென்று சொன்னாள்:

“பரீட்சையில, குழாய் விரிஞ்சா காத்து மெதுவா போகும்னு எழுதிட்டேன்க்கா.”

“அப்படித்தானே போகும்?”

“சத்தத்த விட மெதுவா போற காத்துக்குத்தான் அது சரி. சத்தத்த முந்திட்டா, குழாய் விரிய விரிய காத்து இன்னும் வேகமா ஓடும். தெரியும்க்கா எனக்கு. பயத்துல மாத்தி எழுதிட்டேன். அத வச்சுப் போட்ட மத்த கணக்கெல்லாம் தப்பாயிருச்சு.”

“திரும்ப எழுதலாம்லா?”

“இதுதான் கடைசி வாய்ப்பு. காலையில ரிசல்ட் வந்துருச்சு. இனிமே படிக்க வர வேணாம்னுட்டாங்க.”

அக்காள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோப்பெங் தாண்டியதும் அவளுடைய கைப்பேசி அடித்தது.

“வந்துகிட்டே இருக்கோம்ப்பா. ஆமாப்பா, பாஸ் பண்ணிட்டா.”

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏன்க்கா அப்படிச் சொன்ன?”

“அவரு கேட்ட விதத்த நீ கேக்கலடி. கூட்டாளிங்களையும் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டேஷன்ல நிக்கிறாரு.”

“அப்ப தாப்பாவுல நான் எப்படிக்கா எறங்குவேன்?”