அட்டை வெள்ளையாகத்தான் இருந்தது

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, ஒளிப்பதிவுத் துறைத் தலைவர் அவர்களே, கேமரா அறை ஊழியர்களே, என்னோடு படிக்கும் நண்பர்களே! எல்லோருக்கும் மேலாக, முதல் வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! கடைசி ஆண்டு மாணவர்கள் சார்பில் இரண்டு நிமிடம் பேசச் சொல்லி என்னை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் முடிக்க என்னால் ஆகாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் இருக்கும் பலகையில் 'கேமரா அறை உதவியாளருக்கு அஞ்சலி' என்று எழுதியிருக்கிறது. வருகைப் பதிவேட்டில் அவர் பதவி அதுதான். காலையில் பூட்டைத் திறந்தவர், பெட்டிகளைத் தூக்கியவர், எங்கள் விரல் பட்ட லென்சுகளைத் திட்டிக்கொண்டே துடைத்தவர் அவர். ஆனால் அந்தப் பதவியைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர் இந்த அரங்கில் ஒருவராவது உண்டா? முகம் அண்ணன்! பதினேழு ஆண்டுகளாக எல்லோருக்கும் அவர் முகம் அண்ணன்தான். ஒளியமைப்பு வகுப்பில் விளக்குகளுக்கு நடுவே யாராவது உட்கார வேண்டுமே! அந்த முக்காலியில் உட்கார்ந்த முகம் அவருடையது. வளைந்த மூக்கு, இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு, உள்ளே போன கண்கள். விளக்கைத் தப்பாக வைத்தால் அந்த முகம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நான் முதல் நாள் விளக்கைத் தரையில் வைத்தேன். திரையில் பேய் வந்து நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்தார். "தம்பி, இதை என் வீட்டுக்காரி பார்த்தா இன்னிக்கே அம்மா வீட்டுக்குப் போயிடுவா. கொஞ்சம் மேலே தூக்குங்க" என்றார். வகுப்பே சிரித்தது. அண்ணி, அன்று நானும் சிரித்தேன்.

அவர் எங்களுக்காகக் கொலைகாரனாக உட்கார்ந்தார். மன்னனாக உட்கார்ந்தார். "கதாநாயகன் வேஷம் மட்டும் எவனும் குடுக்க மாட்டேங்கறீங்களேடா" என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்பார். இரண்டாம் ஆண்டில் மருத்துவமனைக் காட்சிக்கு நோயாளியாக உட்கார்ந்தார். பச்சை கலந்த வெளிச்சம் போட்டு, திடமாக இருந்த மனிதரைச் சீக்காளி ஆக்கினோம். அதற்கு எனக்கு முதல் மதிப்பெண் கிடைத்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்தது.

ஒளிப்பதிவு தெரியாதவர்களுக்காக ஒன்றை விளக்குகிறேன். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நிறம் உண்டு. எது வெள்ளை என்று கேமராவுக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். அதற்காக முகத்துக்கு முன்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடிக்கச் சொல்வோம். அட்டை வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களும் சரியாக இருக்கும். அந்த அட்டையை எப்போதும் அண்ணனே பிடிப்பார்.

இந்த ஆண்டு எங்கள் தேர்வுப் பயிற்சி, ஒரே முகத்தை நான்கு வாரம் எடுப்பது. முதல் வாரம் அட்டையைப் பிடித்தார். அட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. முகம் மஞ்சளாக இருந்தது.

தோழர்களே, இந்த இடத்தில் கண் உள்ளவர்கள் என்ன செய்திருப்பார்கள்? நான் சுவரைச் சந்தேகப்பட்டேன்! வெளிர்மஞ்சள் சுவர், அதில் பட்ட வெளிச்சம் முகத்தில் விழுகிறது என்று முடிவு கட்டினேன். கறுப்புத் துணி கேட்டேன். ஏணி போட்டு அதைக் கட்டியவர் அண்ணன்தான். இறங்கி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூச்சு வாங்குது தம்பி. வயசாகுதுல்ல?" என்றார். அவருக்கு நாற்பத்தாறு வயது.

அடுத்த வாரமும் மஞ்சள். விளக்கைச் சந்தேகப்பட்டேன். வேறு விளக்குகளைச் சுமந்து வந்தார். மூன்றாம் வாரம் இன்னும் மஞ்சள். கேமராவையே சந்தேகப்பட்டேன். முக்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். "அசையாதீங்கண்ணே, ஃபோகஸ் போகுது" என்று அதட்டினேன்.

நான்காம் வாரம் விளக்குக்கு முன்னால் நீலத் தாளைக் கட்டினேன். மஞ்சள் அடங்கியது. கண்ணின் வெள்ளை மட்டும் அடங்கவில்லை. கணினியில் இரண்டு கண்களையும் தனியாகப் பிரித்தெடுத்து வெளுப்பாக்கினேன். மூன்று மணி நேர வேலை. துறைத் தலைவர் பார்த்துவிட்டு, "தோல் நிறம் இப்பத்தான் உன் கைக்கு வந்திருக்கு" என்று முதுகில் தட்டினார். ஐயா, உங்களைக் குறை சொல்லவில்லை. நான் காட்டியதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

அப்போது அண்ணனும் வந்து திரைக்கு முன்னால் நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"அட, நான் நல்லாத்தான் இருக்கேன்! சோறு இறங்கலைன்னு சொன்னதுல இருந்து வீட்ல ஆஸ்பத்திரிக்குப் போ, ஆஸ்பத்திரிக்குப் போன்னு ஒரே நச்சரிப்பு. இதை ஒரு பிரதி போட்டுக் குடுங்க தம்பி. அவகிட்ட காட்டி வாயை அடைக்கிறேன்."

போட்டுக் கொடுத்தேன். பெருமையோடு போட்டுக் கொடுத்தேன்!

அதற்குப் பிறகு ஐந்து வாரம்தான் அவர் இருந்தார். கேமரா அறையில் மயங்கி விழுந்த அன்று நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போனோம். மருத்துவர் எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "எத்தனை நாளா கண்ணு இப்படி மஞ்சளா இருக்கு?" என்று கேட்டார். கூட நின்ற ஆறு பேரும் ஒளிப்பதிவு மாணவர்கள். ஸ்கேன் வந்த பிறகு, கணையத்தில் கட்டி, பித்தக்குழாயை அடைத்திருக்கிறது, ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்றார்.

அன்று மருத்துவமனை நடைவழியில் அண்ணி என்னைப் பார்த்துக் கேட்டார்: "எங்க வீட்ல ஒரே ஒரு மஞ்ச பல்பு, தம்பி. நான் விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவேன், அவர் இருட்டினப்புறம்தான் வருவார். அந்த வெளிச்சத்துல எல்லார் முகமும் மஞ்சள்தான். நீங்க தினமும் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தீங்களே. உங்களுக்குக் கூடவா ஒண்ணும் தெரியலை?"

அண்ணி, அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இன்று இத்தனை பேர் முன்னால் பதில் சொல்கிறேன். தெரிந்தது! உங்களுக்கு முன்பே, மருத்துவருக்கு முன்பே எனக்குத் தெரிந்தது. சரியான வெளிச்சம் எங்களிடம்தான் இருந்தது. தெரிந்ததை நான் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டேன். திருத்தியதை அவர் நம்பினார். அவர் கொண்டுவந்து காட்டியதை நீங்களும் நம்பினீர்கள்.

இதோ இந்த மேசையில் அஞ்சலிக்காக வைத்திருக்கும் படம் அதுதான். உள்ளே வரும்போது பலரும் "எவ்வளவு தெளிவா இருக்கார் பாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்தத் தெளிவு என்னுடையது. அவருடையதல்ல.

இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். அவர் பணியைத் தொடர்வோம் என்று நானும் சொல்ல வேண்டும். எந்தப் பணியை? முக்காலியில் இனி வேறொருவர் உட்காருவார். அவரை உட்கார வைப்பதற்கு முன், விளக்கைப் போடுவதற்கு முன், ஜன்னலோரம் கூட்டிப்போய் வெறும் கண்ணால் பார்ப்போம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்போம். பதில் வரும்வரை நிற்போம். இது நான் ஒருவன் எடுக்கும் உறுதியல்ல. எங்கள் வகுப்பில் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் வாரம் எடுத்த, திருத்தாத படத்தைத் தேடி எடுத்தேன். நேற்று அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் அதை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். மகளும் பார்த்தாள். வகுப்பறையில் மாட்டலாமா என்று கேட்டேன். "மாட்டுங்க தம்பி. நாளைக்கு மேடையிலும் இதையே வைங்க. இப்பவாவது எல்லாரும் அவரைப் பார்க்கட்டும்" என்றார்.

முதல்வர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். மேசையில் இருக்கும் படத்தை எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் இதை வைக்கிறேன். கையில் அட்டையைப் பிடித்திருக்கிறார். அட்டை வெள்ளையாக இருக்கிறது.

இவர்தான் முகம் அண்ணன். பாருங்கள்.