என் பெயர் தில்லையம்மாள்

சொந்தப் பெயரில் கதை எழுதி நான் உருப்படவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், சார். வைத்திலிங்கம் என்று மேலே போட்டிருந்தால், யாரோ ரிட்டயர்டு தாசில்தார் பொழுது போகாமல் எழுதியது என்று பத்திரிகைக்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. இத்தனைக்கும் நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சாதாரண கிளார்க்.

புனைபெயர் தேடினேன். ‘அலையரசு’ என்று வைத்துப் பார்த்தேன், கட்சிக்காரர் பெயர் மாதிரி இருந்தது. எங்கள் ஊர்க் கெடிலம் ஆற்றை நினைத்து வைத்த ‘கெடிலன்’ சிமெண்டு கடைக்குத்தான் பொருந்தும். கடைசியில் பல பேர் செய்கிற காரியத்தையே நானும் செய்தேன். தமிழில் கதை எழுதுகிற ஆண்கள் பெண்டாட்டி பெயரை எடுத்துக்கொள்வது ஒன்றும் புதிதல்ல. என் மனைவி சிதம்பரம் பக்கத்துக் கிள்ளையைச் சேர்ந்தவள், கடல்காரக் குடும்பம். பெயர் தில்லையம்மாள். நான் கேட்டபோது சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எடுத்துக்குங்க மாமா. எம் பேர வச்சிக்கிட்டு நான் மட்டும் இன்னா பண்ணப் போறேன்?” என்றாள்.

இதைக் கவனிக்க வேண்டும். பெயரை அவள்தான் கொடுத்தாள், நான் பறிக்கவில்லை.

அந்தப் பெயரில் அனுப்பிய முதல் கதையே அச்சானது. புருஷன் கடலில் செத்துப்போன மறுநாளே மீன் கூடையோடு தெருவில் இறங்கிய ஒரு பெண்ணைப் பற்றியது. அது தில்லையின் சித்தி. அடுத்த கதைகளும் அப்படித்தான் வந்தன. அவள் வேலை செய்துகொண்டே சொல்வாள், நான் முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதுவேன். சொல்வது வேறு, எழுதுவது வேறு, சார். அவள் சொன்னதை நான் பெரிதாக மாற்றியதும் இல்லை. மாற்றினால் கெட்டுவிடுகிறது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். எழுத்தாளனுக்கு வேண்டியது அந்தத் தெளிவுதான்.

போன ஆவணியில் சிதம்பரத்தில் ஒரு இலக்கிய அமைப்பு பாராட்டு விழா வைத்தது. சிறந்த பெண் எழுத்தாளருக்கான விருது. பெண் இல்லாமல் நான் எப்படிப் போய் நிற்பது? அவளை மேடை ஏற்றினேன். “வணக்கம் சொல்லு, நன்றி சொல்லு, வந்து உக்காரு. வேற எதுவும் பேசாத” என்று சொல்லித்தான் அனுப்பினேன். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

வணக்கம் சொன்னாள், நன்றி சொன்னாள். அப்புறம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குப் பிறந்து பெயர் வைப்பதற்குள் போய்விட்ட பெண் குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அதற்கு மனசுக்குள் பூங்கொடி என்று பெயர் வைத்திருந்தாளாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிற நேரத்தில் இன்றைக்கும் வாசல் பக்கம் வருவதில்லையாம். மண்டபமே மூக்கை உறிஞ்சியது.

எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. இவ்வளவு நல்ல கதையை இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாளே என்றுதான்.

பத்திரிகை ஆசிரியர் ஞானசேகரன் மேடையிலேயே எழுந்து நின்றார். “அம்மா, இத அப்படியே எழுதிக் குடுங்க” என்றார்.

“குடுக்கறேங்க. இத நானே எழுதறேன்” என்றாள்.

நானே என்றாள். கைப்பை அப்போது என் மடியில் இருந்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு, இன்ஹேலர் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டாள். அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அந்த நிமிஷம் நான் யோசிக்கவில்லை.

திரும்பும்போது விழாவில் போட்ட சாமந்தி மாலைகளைக் காரின் பின் சீட்டில் வைத்தேன். சாமந்தி அவளுக்கு ஆகாது. ஆனால் மரியாதைக்குப் போட்ட மாலையை ரோட்டிலா வீசுவது? வெயில் அதிகம், ஏசி போட்டேன். ஏசி போட்டால் கண்ணாடியை ஏற்றத்தானே வேண்டும்.

புதுச்சத்திரம் தாண்டும்போது இழுப்பு வந்துவிட்டது. “மாமா, பையில பாருங்க” என்றாள். சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி, கைப்பையை அவள் மடியிலேயே கவிழ்த்துக் காட்டினேன். சீப்பு, கைக்குட்டை, விழா அழைப்பிதழ். அவற்றைக் கையால் துழாவினாள். அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தாள். மெல்லிய வெள்ளைச் சட்டை, உள்ளே இருந்தது தெரிந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வழியில் ஆஸ்பத்திரிகள் இருந்தன. நமக்குத் தெரிந்த டாக்டர் கடலூரில் என்பதால் கடலூருக்கே ஓட்டினேன், நிதானமாகத்தான் ஓட்டினேன். அவர் நாடியைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.

அப்படியானால் ஏன் இப்போது ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மறுநாளே ஊரெல்லாம் பேனர். எழுத்தாளர் தில்லையம்மாள் மறைந்தார் என்று. பத்திரிகையில் அட்டைப்படம் போட்டு அஞ்சலி எழுதினார்கள். அதில் நான் கணவர் வைத்திலிங்கம், ஒரே ஒரு வரி. காரியம் முடிந்ததும் புதுக் கதை ஒன்றை அதே பெயரில் எழுதி ஞானசேகரனுக்கு அனுப்பினேன். போன் செய்தார்.

“ஐயா, இது அம்மா எழுதினது இல்லீங்க. அவுங்க பேர்ல நீங்க எழுதறது தப்புங்க.”

“எல்லாக் கதையும் நான்தான் சார் எழுதினேன்.”

“துக்கத்துல பேசறீங்க. போய் ரெஸ்ட் எடுங்க” என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ எழுதிப் பார்த்தேன். முக்காலி அடுப்படியில் அதே இடத்தில்தான் கிடக்கிறது. சரியாக வரவில்லை. செத்துப்போனவர் என்று ஊரே முடிவு கட்டிய பிறகு எவனுக்குத்தான் எழுத வரும், சொல்லுங்கள்.

அதனால் நானாகவே வந்தேன். தூக்கோ ஜெயிலோ, நீங்கள் பார்த்துச் செய்யுங்கள். வெளியே நிருபர்கள் வந்திருப்பார்கள். அவர்களிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எழுத்தாளர் தில்லையம்மாள் சாகவில்லை, உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் கொன்றது என் பெண்டாட்டியை மட்டும்தான்.