சீட்டுக்கு அடியில் ஒரு வயர்

– பேட்டரி நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. பல்பு எப்படிப் பளிச்சுனு எரியுது பாரு. கோளாறு இங்க இல்ல.

– அப்ப சாவியைத் திருப்பினா ஏன் அண்ணே பிணம் மாதிரி கிடக்குது?

– அந்த வார்த்தையை இந்த ஷெட்டுக்குள்ள சொல்லாதம்மா.

– ஏன்? என் வீட்டுக்காரர் இதே புல் வெட்டுற டிராக்டருக்கு அடியில போய்ப் பதினெட்டு நாள் ஆச்சு. வார்த்தைக்குப் பயப்படுற கட்டமெல்லாம் தாண்டியாச்சு. நீங்க வேலையைப் பாருங்க.

– நீ எதுக்கு இங்க வந்து நிக்கிற? மெக்கானிக் வேலையை வேடிக்கை பார்க்கிற நேரமா இது? வீட்டுக்குப் போ. பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வர்றாரு, அதுக்குள்ள வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொடுன்னு காலேஜ் ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க.

– அதுக்காகத்தான் நிக்கிறேன். சீட்டை விட்டு ஆள் எழுந்தா இன்ஜின் தானா நிக்கணுமாமே. அன்னிக்கு நிக்கல. புல் வெட்டிக்கிட்டே அவர் மேலயே ஏறிடுச்சு. அவரே வயரை நோண்டி வெச்சிருந்தாருன்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டாங்க. அதிகாரியும் அதையே எழுதினா, இந்த மாசக் கடைசியில நானும் பொண்ணும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். பொண்ணுக்கு லேப்ல தர்றேன்னு சொன்ன வேலையும் கிடையாது.

– தெரியும்மா.

– தெரிஞ்சா சரி. அடுத்து என்ன பார்க்கப் போறீங்க?

– பியூஸ். கேளு, எதையும் வரிசையா பார்க்கணும். பேட்டரி, பியூஸ், சாவி, அப்புறம்தான் மத்தது. இந்தா, பாரு. நடுவுல கம்பி உருகிக் கறுத்துப் போச்சு.

– அவ்வளவுதானா?

– அவ்வளவுதான்னா எனக்கும் சந்தோஷம். புதுசு போடுறேன். சாவியைத் திருப்பு. லேசா, லேசா. போச்சு, போதும், நிறுத்து.

– டப்புனு கேட்டுச்சே.

– புது பியூஸும் காலி. கேளு, பியூஸ் சும்மா போகாது. எங்கயோ ஒரு வயர் தோல் உரிஞ்சு, பாடியில உரசிக்கிட்டு இருக்கு. அதைக் கண்டுபிடிக்காம எத்தனை பியூஸ் போட்டாலும் அல்வா மாதிரி முழுங்கும்.

– கண்டுபிடிங்க.

– முன்னாடி பிரேக் பெடல்ல இருந்து ஆரம்பிப்போம்.

– சீட்டைத் தூக்கிப் பாருங்களேன்.

– அது கடைசியில.

– பக்கத்துலதானே இருக்கு? நானே தூக்குறேன்.

– தொடாதன்னு சொல்றேன்ல.

– ஏன் அண்ணே குரல் ஏறுது?

– ஏறல. பிளேடு கிளேடு கைல பட்டுடப் போகுதேன்னு சொன்னேன்.

– பிளேடு கீழ இருக்கு. சீட்டு மேல இருக்கு.

– தொண்டை வறண்டு போச்சும்மா. குழாய்ல ஒரு சொம்பு தண்ணி பிடிச்சுட்டு வர்றியா?

– உங்க பாட்டில்ல பாதிக்கு மேல இருக்கு. கட்டரை எதுக்கு எடுத்தீங்க?

– தேவைப்படும்.

– கீழ வைங்க. நான் தண்ணிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எதை வெட்டறதா உத்தேசம்? சின்னப் பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டா விட்டுடுவேனா? சொல்லுங்க.

– நான்தாம்மா.

– என்ன நீங்கதான்?

– சீட்டுக்குக் கீழ ஒரு சுவிட்ச் இருக்கும். ஆள் உட்கார்ந்தா அமுங்கும், எழுந்தா விடுபடும், இன்ஜின் நின்னுடும். அந்தச் சுவிட்சுக்கு வர்ற ரெண்டு வயரையும் சேர்த்து டைரக்ட் கொடுத்துட்டா, ஆள் இருக்கானா இல்லையான்னு வண்டிக்குத் தெரியாது. ஓடிக்கிட்டே இருக்கும். அந்த டைரக்ட்டைக் கொடுத்தது நான்.

– எதுக்கு?

– உன் புருஷனுக்கு ஏன் பயில்வான்னு பேரு? தொண்ணூறு கிலோ இருந்தான். அவன் உட்கார்ந்தா சீட்டு ஐயோன்னு கத்தும். இந்த ஆறு மாசத்துல என்ன ஆனான்னு நான் சொல்லணுமா? கடைசியா அரிசிக் கடைத் தராசுல ஏறி நின்னப்ப நாற்பத்து நாலு. ஸ்பிரிங் அமுங்கவே இல்லம்மா. ஒவ்வொரு மேடு பள்ளத்துலயும் வண்டி நின்னு நின்னு போச்சு.

– ம்.

– மடியில ஒரு செங்கல்லைத் துண்டுல கட்டி வெச்சுக்கிட்டு ஓட்டியிருக்கான். சூப்பர்வைசர் பார்த்துட்டு, என்ன பயில்வான், பிள்ளையைச் சுமக்கிறியான்னு கேட்டானாம். ஒர்க்‌ஷாப் வாசல்ல வந்து நின்னு அதைச் சொல்லும்போது சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே அழுதான். டாக்டர் பரிசோதனைக்கு அனுப்பிட்டா வேலை போயிடும், ஒரு வருஷம் இழுத்துப் பிடிச்சா பொண்ணு சொந்தக் கால்ல நின்னுடுவா, செஞ்சு கொடுன்னான். என்னால முடியாதுன்னு சொல்ல முடியல.

– அதிகாரிகிட்ட இதைச் சொல்வீங்களா?

– கேளு. எனக்கு லைசென்ஸ் போகும். ஜெயில்கூடப் போகலாம். எனக்கும் வீடு வாசல் இருக்கு.

– அதனால வயரை வெட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, பழியைச் செத்தவன் தலையில கட்டிட்டுப் போயிடலாம்னு வந்தீங்க.

– அப்படித்தான் வந்தேன். பொய் சொல்லல.

– நல்லது. சீட்டைத் தூக்குங்க இப்ப.

– இரு. என்ன இது?

– என்ன?

– இது நான் போட்டது இல்ல.

– நழுவாதீங்க அண்ணே.

– நழுவலம்மா, நல்லாப் பாரு. நான் பழைய வயர்களோட சேர்த்து, கிளிப்புக்கு உள்ள விட்டு, டேப் சுத்தியிருந்தேன். இது சீட்டோட கீலுக்குக் குறுக்கால கிடக்கு. டேப்பே கிடையாது, ரெண்டு முனையையும் சும்மா முறுக்கி விட்டிருக்கு. கீல்ல நசுங்கி நசுங்கித் தோல் உரிஞ்சிருக்கு. ஷார்ட் ஆகுறது இங்கதான். வண்டி போய்ச் சுவத்துல மோதின குலுக்கல்ல உரசியிருக்கு, பியூஸ் போயிருக்கு, அப்பதான் நின்னிருக்கு. பத்தடிக்கு முன்னாடியே உரசியிருந்தா...

– வேண்டாம். அதைச் சொல்லாதீங்க.

– என் வயரை யாரோ கழட்டியிருக்காங்க. அப்புறம் மறுபடி இதை மாட்டியிருக்காங்க. வேற யாரு? பயில்வான்தான்.

– அவர்தான் கழட்டினாரு. ஒரு நாள் குளிக்கும்போது தலை சுத்திக் கீழ விழுந்தாரு. இதே மாதிரி வண்டியில இருந்து விழுந்தா என்ன கதின்னு பயந்து, மறுநாளே கழட்டிட்டாரு. நான்தான் கூட நின்னு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.

– பார்த்தியா. நான் போட்டது நான் போட்டதோட முடிஞ்சு போச்சு. அவனே கழட்டி, அவனே மாட்டியிருக்கான். அப்ப ஆபீஸ்ல எழுதினதுல என்ன தப்பு?

– போய் அதிகாரிகிட்ட அப்படியே சொல்லுங்க. உங்க தலை தப்பிச்சுது.

– ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. நான் அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பயில்வான், இனிமே இது உனக்காக நிக்காது, சாவியை அணைக்காம சீட்டை விட்டு எழுந்திருக்காதேன்னு சத்தியம் வாங்கினேன். அப்புறம் நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். கீழ கிடக்கிற பேப்பரைப் பொறுக்கணும்னாகூட முதல்ல சாவியை அணைப்பான். அன்னிக்கு வழியில கிளை கிடந்துதுன்னு, ஓடுற வண்டியில இருந்து அப்படியே இறங்கினான்னு வாட்ச்மேன் சொல்றான். இன்ஜின் ஓடினா சரிவுல வண்டி ஆள் மேலயே வரும்னு தெரியாதா? எப்படி மறந்தான்?

– மறக்கல.

– சரி, விடு. செத்தவனைக் கூண்டுல ஏத்தி என்ன ஆகப் போகுது. இதுக்கு வழி காட்டினதே நான்தானே. கேளு, அதோ கேட் திறக்குற சத்தம். ஜீப் வந்தாச்சு. நான் போய்ச் சொல்லிடுறேன். முதல்ல போட்டதும் நான், ரெண்டாவது போட்டதும் நான், பயில்வானுக்கு வயர்னா என்னன்னே தெரியாதுன்னு சொல்றேன். நீயும் பொண்ணும் அந்த வீட்லயே இருங்க. கண்ணைத் துடை.

– நில்லுங்க அண்ணே.

– கையை விடும்மா. மனசு மாறுறதுக்குள்ள போயிடணும்.

– ரெண்டாவது தடவை மாட்டினது அவர் இல்ல.

– பின்ன?

– கழட்டினதுக்கு அப்புறம் ஒரே நாள்ல பதினோரு தடவை நின்னுது. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேற ஆள் பார்த்துக்கிறேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். எந்த ரெண்டு முனைன்னு எனக்குத் தெரியும், அவர் கழட்டும்போது பார்த்தேனே. விடியறதுக்கு முன்னாடி ஷெட் சாவியை எடுத்துட்டு வந்து, நான்தான் முறுக்கி விட்டேன்.

– அவன்கிட்ட சொன்னியா?

– சொன்னா ஏற மாட்டாரு.

– அடிப்பாவி. அப்ப அவன் இறங்கும்போது...

– வண்டி நின்னுடும்னு நினைச்சுத்தான் இறங்கினாரு. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து, "உடம்பு தேறிட்டு வருதுடி, இன்னிக்கு வண்டி ஒரு தடவைகூட நிக்கல"ன்னு சொல்லிச் சிரிச்சுட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாரு அண்ணே.