மலையேறினால் வலி போகும்

அந்த ஞாயிறு காலை கனகேஸ்வரி சொதிக்கு உப்புப் பார்க்கச் சொல்லிக் கரண்டியை நீட்டினாள். சரியாகத்தான் இருந்தது. குறைவு என்றேன்.

அவள் இடது தோளைத் தடவிக்கொண்டே, "இஞ்சாருங்கோ, நெஞ்சு இறுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவமே?" என்றாள். எங்கள் மகள் கேசிகா மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் நான் பதினொரு வருடம் உயர்தர மாணவர்களுக்கு அளவையியல் படிப்பித்தவன். வாதம்போலத் தோன்றி வாதமாக இல்லாததைப் போலி என்போம். இப்போது இருக்கும் இத்தாலியின் பலெர்மோவில் அந்தப் படிப்புக்கு வேலையில்லை; பொலிதேயாமா பகுதி வீடுகளில் மாடிப்படி துடைக்கிறேன். கனகேஸ்வரிக்கு இத்தாலியன் தண்ணீர்பட்டபாடு. வதிவிட அனுமதி புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலகத்துக்குப் போனால் அவள் பேசுவாள், நான் கையெழுத்துப் போடுவேன். ஒருமுறை என்னைக் காட்டி அலுவலரிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை. தமிழில் நடக்கும் வாக்குவாதம் மட்டுமே எனக்கு மிச்சமிருந்தது.

"நீர் என்ன டொக்டரோ?" என்றேன். சொன்னதை விட்டுச் சொன்னவரைத் தாக்குவது. முதற்பாடத்திலேயே வரும் போலி.

"டொக்டர் எண்டால் ஏன் உங்களைக் கேக்கிறன்?"

நல்ல பதில். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"போன கிழமையும் இறுக்குது எண்டீர். ரொசாலியாத் தாயின்ர மலைக்கு ஏறினம். வலி போச்சு. அப்ப மருந்து எது?"

ஒன்றுக்குப் பின் நடந்ததால் அதனாலேயே நடந்தது என்பது. என் மாணவர் எவரும் இதில் ஏமாறமாட்டார். அவள் யோசித்தாள்.

"ஒண்டில் ரொசாலியாத் தாயை நம்பும், இல்லாட்டி ஊசியை நம்பும்," என்றேன். இரண்டையும் நம்பலாம் என்பதைச் சொல்லவில்லை. அவள் காலில் சப்பாத்தை மாட்டினாள்.

பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியாவின் குகைக் கோவிலுக்குப் போகும் கல்பாதையில், நான்காவது வளைவில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏலாது. அம்புலன்சுக்கு அடியுங்கோ."

"இவ்வளவு தூரம் ஏறிப்போட்டு இறங்கினால் ஏறினது வீணெல்லோ?"

இதுவும் போலிதான். எழுந்து நடந்தாள். ஐந்தாவது வளைவுக்கு அவள் வரவில்லை.

நான் அவளைத் தொடவில்லை. ஒரு சொல்லும் உரத்துச் சொல்லவில்லை. தோளைத் தடவியபோதே அது இதயம் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீடு திரும்பிய அன்று கேசிகா கேட்டாள்: "அப்பா, அம்மாவுக்கு நீங்கள் சொன்னதெல்லாம் பிழையெண்டு அப்பவே தெரியுமோ?"

"ஓம். தெரியும்."

அவள் அழுதாள். அழுகை வாதமாகாது. இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.